போத்தனூர் வழியா போன யூதர்கள்... மாளா, பரவூர், சேந்தமங்கலத்தில் விட்டுச்சென்றது என்ன?

போத்தனூர் ஜங்ஷன் நமக்கெல்லாம் கேரளா ரயிலைப் பிடிக்கிற இடம். ஓணம் சீஸன்ல டிக்கெட் கிடைக்காம திண்டாடுற இடம். கோவை மெயின் ஸ்டேஷனுக்கு ரயில் வருவதற்கு முன்பே, 1862-லேயே மேற்குக் கடற்கரையிலிருந்து வந்த ரயில் பாதை இங்கே வந்து சேர்ந்துவிட்டது. அதனால் இந்த ஸ்டேஷன் பார்க்காத கூட்டம் இல்லை. ஆனால், 1950-களின் நடுவில் இந்தப் பிளாட்ஃபாரத்தைக் கடந்த ஒரு கூட்டத்தைப் பற்றி இங்கே யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

வேட்டியும் சேலையும் கட்டி, மலையாளம் பேசி, தலையில் சின்னதாக ஒரு தொப்பி வைத்த குடும்பங்கள். கொச்சிப் பக்கத்தில் இருந்த தங்கள் ஊர்களை மொத்தமாகக் காலி செய்துவிட்டு பம்பாய்க்கு ரயில் ஏறியவர்கள். அங்கிருந்து விமானத்தில் இஸ்ரேல். கொங்கண் ரயில் முழுமையானது 1998-ல்தான். அதனால் அன்றைக்கு கொச்சியிலிருந்து பம்பாய்க்கு ரயிலில் போக பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி, நம்ம போத்தனூரைத் தொட்டுத்தான் போயாக வேண்டும். ஆயிரம் வருஷமாவது மலபாரில் வாழ்ந்த ஒரு சமூகம், ஜன்னல் வழியாக கடைசியாகப் பார்த்த ஊர்களில் போத்தனூரும் ஒன்று.

யூதர்கள் என்றதும் நமக்கு மட்டாஞ்சேரி 'ஜூ டவுன்' செல்ஃபிதான் ஞாபகம் வரும். ஆனால், கதையின் பெரும்பகுதி அங்கே இல்லை. மாளா, வடக்கு பரவூர், சேந்தமங்கலம் (நம்ம நாமக்கல் சேந்தமங்கலம் இல்லீங்க, இது எர்ணாகுளம் மாவட்டம்) என்ற மூன்று சின்ன ஊர்களில் இருக்கிறது.

வெள்ளலூர் காசும் முசிறித் துறைமுகமும்

போத்தனூருக்குப் பக்கத்து ஊரான வெள்ளலூரில் 1842-ல் ஒரு புதையல் கிடைத்தது. 500-க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள். அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற ரோமப் பேரரசர்களின் தலை பொறித்தவை. பின்னாலும் அதே ஊரில் ரோமானியக் காசுகள் கிடைத்தன. இவ்ளோ காசு இங்கே எப்படி வந்தது? பாலக்காட்டுக் கணவாய்தான் பதில். மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கை திறந்துவைத்த இந்தக் கதவு வழியாக முசிறித் துறைமுகத்துக்கும் கொங்கு நாட்டுக்கும் இடையே வணிகப் பாதை போனது. நொய்யல் கரையில் கொடுமணல், அதைத் தாண்டினால் கரூர்.

அந்த முசிறி எங்கே இருந்தது என்பதில் இன்னும் விவாதம் உண்டு. ஆனால், 2007-லிருந்து பட்டணம் என்ற ஊரில் நடந்த அகழாய்வில் ரோமானிய ஜாடித் துண்டுகளும் மணிகளும் குவியல் குவியலாகக் கிடைத்ததால் பலரும் கை காட்டுவது அந்த ஊரைத்தான். பட்டணம் இருப்பது வடக்கு பரவூருக்குப் பக்கத்தில். அதாவது, யூதர்கள் வாழ்ந்த அதே வட்டாரத்தில்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. யூதர்கள் சாலமன் மன்னர் காலத்திலேயே வந்தார்கள், கி.பி. 70-ல் ஜெருசலேம் கோயில் இடிக்கப்பட்டதும் கப்பலேறி வந்தார்கள் என்றெல்லாம் அந்தச் சமூகத்திலேயே மரபுக் கதைகள் உண்டு. ஹீப்ருவில் மயிலைக் குறிக்கும் 'துக்கி' என்ற சொல் தமிழின் 'தோகை'யிலிருந்து போனது என்று கால்டுவெல் வாதிட்டதையும் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீங்க. அது கப்பல் போக்குவரத்து இருந்ததற்கான குறிப்பாக இருக்கலாம். யூதர்கள் அப்போதே இங்கே வீடு கட்டிக் குடியிருந்தார்கள் என்பதற்கு ஆதாரம் ஆகாது.

கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய ஆதாரம் 849-ம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. கொல்லத்தில் ஒரு தேவாலயத்துக்குக் கொடுத்த செப்பேட்டில், சாட்சிக் கையெழுத்துகள் அரபி, பாரசீக எழுத்துகளோடு ஹீப்ரு எழுத்திலும் இருக்கின்றன. தெற்கே வியாபாரம் செய்த யூதர்கள் போட்ட கையெழுத்து அது.

வட்டெழுத்தில் ஒரு யூதர் பெயர்

அடுத்த ஆதாரம் நமக்கு இன்னும் நெருக்கம். கி.பி. 1000 வாக்கில், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிறிக்கோட்டில் இருந்தபோது ஒரு யூத வணிகத் தலைவருக்குச் செப்பேடு எழுதிக் கொடுத்தார். அவர் பெயர் ஜோசப் ரப்பான். செப்பேட்டில் 'இஸ்ஸுப்பு இறப்பான்' என்று இருக்கும். எழுத்து, வட்டெழுத்து. மொழி, தமிழும் மலையாளமும் இன்னும் முழுசாகப் பிரியாத காலத்து மொழி. கொஞ்சம் பொறுமையாக எழுத்துக் கூட்டினால் பல சொற்கள் நமக்கே புரியும்.

கொடுத்தது என்ன தெரியுமா? 'அஞ்சுவண்ணம்' என்ற வணிகக் குழுவின் தலைமையும் 72 உரிமைகளும். பகலில் விளக்கேற்றிப் போகலாம். நடக்கும் வழியில் பாவாடை விரிக்கலாம். பல்லக்கு, குடை, பறை, காளம், தோரணம் எல்லாம் உண்டு. சுங்கத்திலிருந்து விலக்கு. இன்றைக்கு இதையெல்லாம் படித்தால் சிரிப்பு வரலாம். அந்தக் காலத்தில் யார் குடை பிடிக்கலாம், யார் பல்லக்கில் போகலாம் என்பதுதான் சமூகத்தில் ஒருவரின் இடத்தைச் சொல்லும். வெளியிலிருந்து வந்த ஒரு வணிகருக்கு பிரபுக்களுக்கு உரிய மரியாதை கொடுத்திருக்கிறார் மன்னர். இந்த உரிமை அவருடைய மகன்களுக்கு மட்டுமல்ல, மகள்களுக்கும் மருமகன்களுக்கும் உலகமும் சந்திரனும் உள்ளவரை தொடரும் என்றும் எழுதியிருக்கிறது.

அந்தச் செப்பேடு இன்றும் மட்டாஞ்சேரி பரதேசி சினகாக்கில் (யூதர்களின் வழிபாட்டு இடம்) பாதுகாப்பாக இருக்கிறது. 2017-ல் பிரதமர் மோடி இஸ்ரேல் போனபோது இதன் நகலைத்தான் அந்நாட்டுப் பிரதமர் நெதன்யாகுவுக்குப் பரிசாகக் கொடுத்தார்.

1341-ல் பெரியாற்று வெள்ளம் பழைய துறைமுகத்தை மணல்மேடாக்கி, கொச்சியைப் புதுத் துறைமுகமாக்கியது என்பார்கள். 1500-களில் சண்டைகளும் போர்த்துக்கீசியர் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, கொடுங்கல்லூரில் மிச்சமிருந்த யூதர்களும் கிளம்பினார்கள். கொச்சி ராஜா தன் அரண்மனைக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். பரதேசி சினகாக் 1568-ல் எழுந்தது இப்படித்தான். சுற்றுவட்டார ஊர்களில் இருந்த குடும்பங்கள் அங்கங்கே தங்கள் பள்ளிகளோடு தொடர்ந்தன. 20-ம் நூற்றாண்டின் நடுவில் கணக்குப் பார்த்தால் மொத்தம் எட்டு சபைகள். மட்டாஞ்சேரியில் மூன்று, எர்ணாகுளத்தில் இரண்டு, மற்றவை நம்ம மூன்று ஊர்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வாங்க

பரவூர் சினகாக்கில் ஒரு கல்வெட்டு. 1616-ல் இதைக் கட்டியவர் டேவிட் யாக்கோபு காஸ்டியல் முதலியார் என்கிறது. முதலியாரா? ஆமாம். கொச்சி ராஜா யூதர்களின் தலைவருக்குக் கொடுத்த பட்டம் 'முதலியார்'. காஸ்டியல் என்பது ஸ்பெயினின் காஸ்டீல் பகுதியை நினைவூட்டும் குடும்பப் பெயர். ஒரே பெயரில் பைபிள், ஸ்பெயின், சேர நாடு மூன்றும் உட்கார்ந்திருக்கின்றன.

கட்டடமும் அதே மாதிரிதான். தெருவிலிருந்து படிப்புரை, அதைத் தாண்டி நீளமான நடை, பிறகு ஒரு முன்கூடம், அதற்கப்புறம்தான் வழிபாட்டு அறை. ஓடு வேய்ந்த சாய்வுக் கூரை, உத்தரத்தில் மரவேலை. கட்டியவர்கள் உள்ளூர்த் தச்சர்கள்தானே, அவர்கள் கைக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். உள்ளே நடுவில் பித்தளைக் கம்பிகள் சூழ்ந்த ஒரு மேடை இருக்கும். வேதச் சுருளை வைத்து வாசிக்கும் இடம். உலகத்தில் எந்த சினகாக்கிலும் இது ஒன்றுதான் இருக்கும். கேரளாவில் மட்டும் மாடியிலும் இரண்டாவதாக ஒன்று உண்டு. பெண்கள் உட்காரும் பகுதிக்கு முன்னால். விசேஷ நாட்களில் அங்கிருந்து வாசிப்பார்கள். பெண்கள் சத்தம் மட்டும் கேட்காமல் கண்ணாலும் பார்க்க முடிந்திருக்கும்.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். கல்யாணத்தில் பெண்ணுக்குத் தாலி உண்டு. திருநாளில் தேங்காய் எண்ணெய் விளக்குகள். சனிக்கிழமை ஓய்வு நாள், அன்றைக்கு அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் சமையலை முடித்து கணப்பில் விட்டுவிடுவார்கள். பலகாரத்தில் 'பாஸ்டல்' என்று ஒன்று, நம்ம சோமாஸ் மாதிரியே இருக்கும், உள்ளே மட்டும் இனிப்புக்குப் பதில் கோழிக்கறி.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது பெண்களின் பாட்டு. யூதப் பெண்கள் மலையாளத்தில் பைபிள் கதைகளையும் கல்யாணப் பாட்டுகளையும் ஊர்ப் பெருமைகளையும் பாடினார்கள். நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதி, அம்மாவிடமிருந்து மகளுக்குப் போனவை. பல நாட்டு யூத மரபுகளில் ஆண்கள் முன்னால் பெண்கள் பாடுவது வழக்கமில்லை. இங்கே கல்யாணத்தில் எல்லோர் முன்னிலும் பாடினார்கள். ஸ்காரியா சக்கரியா, பார்பரா ஜான்சன் போன்ற ஆய்வாளர்கள் இந்த நோட்டுகளைத் தேடிச் சேகரித்தார்கள். 2005-ல் ஜெருசலேமில் மலையாளமும் ஹீப்ருவுமாக ஒரு தொகுப்பு வந்தது. அதன் பெயர் 'கார்குழலி'. மொழிபெயர்க்கவே வேண்டாம், பாருங்க.

போஸ்டரில் சொல்லாதது

சேந்தமங்கலம் போனால் கைடுகள் பெருமையாகச் சொல்வார்கள். ஒரு குன்றைச் சுற்றி கோயில், தேவாலயம், மசூதி, சினகாக் நான்கும் கூப்பிடு தூரத்தில். நிஜம்தான். மத நல்லிணக்கத்துக்கு இதைவிட நல்ல போஸ்டர் கிடைக்காது. யூதர்களை அவர்கள் மதத்துக்காக உள்ளூர் மன்னர்கள் துன்புறுத்தாத நாடுகளில் இந்தியா முக்கியமானது என்பதும் நிஜம்.

ஆனால் அதே சேந்தமங்கலத்தில்தான், கொச்சி ராஜாக்களின் அமைச்சர் குடும்பமான பாலியத்தின் வீட்டைச் சுற்றியிருந்த தெருவில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்க முடியாமல் இருந்தது. அதற்காக 1947-48-ல் பாலியம் சத்தியாகிரகமே நடந்தது. யூதர்களுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு. ஐரோப்பா, மேற்காசியாவிலிருந்து பின்னால் வந்த 'பரதேசி'கள் தங்களை மேலாக நினைத்தார்கள். பெரும்பான்மையான மலபார் யூதர்களோடு கல்யாண உறவு கிடையாது. அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வாரிசுகள் பரதேசி சினகாக்கில் மற்றவர்களோடு சமமாக உட்கார முடியாது.

அந்த வாரிசுகளில் ஒருவர் ஆபிரகாம் பராக் சேலம், 1882-ல் பிறந்தவர், வக்கீல். கொச்சி சட்டசபையிலும் இருந்தார். தன் சொந்த சினகாக்குக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்து அந்தத் தடையை மெல்ல மெல்ல உடைத்தார். 'யூதர்களின் காந்தி' என்று பெயர். மேலே சொன்ன நான்கு வழிபாட்டு இடங்களின் போட்டோவைவிட இவர் கதை முக்கியம் என்று எனக்குத் தோன்றும்.

ஊரே கிளம்பிய நாட்கள்

1948-ல் இஸ்ரேல் உருவானது. கொச்சிப் பகுதி யூதர்கள் அப்போது 2,000-க்கும் மேல். யாரும் அவர்களை விரட்டவில்லை. வேதத்தில் படித்த பூமிக்குத் திரும்ப வேண்டும் என்ற ஆசை, சின்ன ஊர்களில் குறைந்துகொண்டே வந்த பிழைப்பு, ரெண்டும் சேர்ந்தன. சொத்துகளை விற்றுவிட்டுக் காத்திருந்தார்கள். ஆனால் இஸ்ரேல் அதிகாரிகள் உடனே சரி சொல்லவில்லை. காரணம், யானைக்கால் நோய். கொச்சியில் அது பரவலாக இருந்ததால், அங்கேயும் பரவிவிடுமோ என்ற பயம். பரிசோதனை, தாமதம் என்று வருஷங்கள் இழுத்தன. கடைசியில் 1953-லிருந்து 1955-க்குள் பெரும்பகுதி கிளம்பியது.

அங்கே போனவர்களுக்குக் கிடைத்தது கொச்சியின் காயலும் தென்னையும் இல்லை. நெவாதிம் என்ற விவசாயக் குடியிருப்பு நெகேவ் பாலைவனத்தில் இருக்கிறது. மெசிலாத் சீயோன், தாவோஸ், அவியேஸர், கஃபார் யுவால் என்று மற்ற ஊர்களிலும் குடியேறினார்கள். வியாபாரமும் சின்னச் சின்னத் தொழிலும் செய்தவர்கள் மண்வெட்டி பிடித்தார்கள். சேந்தமங்கலத்தில் பிறந்த எலியாஹு பெசலேல் அப்படிப் பாலைவனத்தில் பூ விவசாயம் செய்து பெயர் வாங்கினார். இந்திய அரசின் பிரவாசி பாரதிய சம்மான் விருதும் அவருக்குக் கிடைத்தது. நெவாதிமில் கொச்சி யூதர்களுக்கென ஒரு மியூசியமும் இருக்கிறது.

என்ன மிச்சம்?

பரவூர், சேந்தமங்கலம் சினகாக்குகளை முசிறிஸ் பாரம்பரியத் திட்டத்தில் எடுத்துப் பராமரிக்கிறார்கள். இரண்டும் இப்போது மியூசியம். சேந்தமங்கலம் வாசலில் ஒரு சின்னக் கல் நிற்கும், அவசரத்தில் தாண்டிப் போயிடாதீங்க. 1269-ல் இறந்த சாரா என்ற பெண்ணின் கல்லறைக் கல் அது, 'இஸ்ரவேலின் மகள் சாரா' என்று ஹீப்ருவில் வெட்டியிருக்கிறது. இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய ஹீப்ரு கல்லெழுத்தாக இதைச் சொல்கிறார்கள்.

பரவூரில் வேதச் சுருள்கள் வைக்கும் மரப் பேழையைப் பார்ப்பீங்க. அது நகல். அசல், ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் மியூசியத்தில் இருக்கிறது. மட்டாஞ்சேரி கடவும்பாகம் சினகாக்கின் மரக் கூரையையும் உள்வேலைப்பாட்டையும் 1990-களில் கழற்றி எடுத்துப் போய் அங்கே அப்படியே பொருத்திவிட்டார்கள். அந்தக் கூடத்தில்தான் பரவூர்ப் பேழையும் வைக்கப்பட்டிருக்கிறது. எடுத்துப் போனது சரியா என்று கேட்டால் கோபப்படத் தோன்றும். ஆனால், மட்டாஞ்சேரியில் நின்ற அந்த வெற்றுக் கட்டடத்தின் முன்சுவர் 2019 மழையில் இடிந்து விழுந்தது. கூரை இங்கேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. எர்ணாகுளம் கடவும்பாகம் சினகாக் வேறு விதமாகப் பிழைத்தது. சமூகத்தில் மிச்சமிருந்த ஒருவர் அதன் முன்பகுதியில் அலங்கார மீன்களும் செடிகளும் விற்கும் கடை நடத்தியபடியே கட்டடத்தைக் காத்தார். மீன் தொட்டிகளைத் தாண்டிப் போனால் பின்னால் வழிபாட்டுக் கூடம்!

தமிழ்நாட்டிலும் தடம் இல்லாமல் இல்லை. 1688-ல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது அதன் ஆல்டர்மேன்களில் யூத வணிகர்களும் இருந்தார்கள். வைரம் வாங்கி பவழம் விற்றவர்கள். ஜார்ஜ் டவுனில் பவழக்காரத் தெரு இன்றும் அதே பெயரில்தான் இருக்கிறது. லாயிட்ஸ் ரோடு பக்கம் ஒரு குட்டி யூதக் கல்லறையும் உண்டு.

போய்ப் பார்க்க ஆசை வந்தால் வழி சிம்பிள். போத்தனூரில் எர்ணாகுளம் போகும் ரயில் ஏறி, மாளாவுக்கு சாலக்குடியில் இறங்குங்க. பரவூர், சேந்தமங்கலத்துக்கு ஆலுவா. அங்கிருந்து பஸ். மியூசியங்களுக்குத் திங்கட்கிழமை லீவு, மட்டாஞ்சேரி பரதேசி சினகாக்குக்கு சனிக்கிழமை. சேந்தமங்கலத்தில் கைத்தறி வேட்டி, சேலை வாங்காம வராதீங்க. 2018 வெள்ளத்தில் சேறு படிந்து வீணான தறித் துணியில் 'சேக்குட்டி' என்ற பொம்மை செய்து விற்று நெசவாளர்களுக்குக் கைகொடுத்த ஊர் அது.

கடைசியாக மாளாவுக்குப் போங்க. மூன்று ஊர்களில் டூரிஸ்ட் கூட்டம் குறைவாக வருவது இங்கேதான். 1955-ல் கிளம்பும்போது மாளா யூதர்கள் தங்கள் சினகாக்கையும் கல்லறைத் தோட்டத்தையும் யாருக்கும் விற்கவில்லை. ஊர்ப் பஞ்சாயத்திடம் எழுதிக் கொடுத்து ஒப்படைத்தார்கள். கட்டடத்தை வேறு வழிபாட்டு இடமாகவோ இறைச்சி வெட்டும் இடமாகவோ ஆக்கக் கூடாது, கல்லறைகளைப் பாதுகாக்க வேண்டும் என்பது அவர்கள் கேட்டுக்கொண்டது. சினகாக் பல வருஷம் பொது ஹாலாக இருந்தது. சுமார் 4 ஏக்கர் கல்லறைத் தோட்டத்தின் ஒரு பகுதியில் பின்னாளில் விளையாட்டு வளாகம் கட்டும் வேலை தொடங்க, உள்ளூர் ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். அவர்களில் யாரும் யூதர் இல்லை. மாளாவில் இப்போது யூதர்களே இல்லையே! பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒப்படைத்துவிட்டுப் போன சாவிக்கு இவர்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தத் தோட்டத்தில் எத்தனையோ தலைமுறை புதைக்கப்பட்டிருக்கிறது. இப்போது கண்ணுக்குத் தெரிகிற கல்லறைகள் மூன்று.